தீவுக்குப் போக முதல்

"எக்ஸாம் முடியட்டும், தீவுக்குப் போறம்." ஒவ்வொரு செமஸ்டரும் எங்கட குறூப்பில வாற மெசேஜ் இது. போன வருசம் ஒருமாதிரிப் போயிட்டம். நெடுந்தீவுக்கு, பதினாலு பேர். அதில பாதிப்பேருக்கு அதுதான் முதல் தீவுப் பயணம். நாங்கள் போட்ட திட்டம் என்று பார்த்தால் ரெண்டே விசயம்தான்: எங்க நிண்டு படம் எடுக்கிறது, என்ன உடுப்புப் போடுறது.

பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு ஊடாக பஸ் குறிகாட்டுவானுக்குப் போய்ச்சேரும். படகு வந்ததும் ஓடிப்போய் நிழலான இடம் எல்லாத்தையும் பிடிச்சிட்டம். பிறகுதான் பார்த்தம், ஒரு அம்மம்மா கிளினிக் கொப்பியோட நிக்கிறா. ஒருத்தி எழும்பி இடம் குடுத்தாள். முதல் நாள் யாழ்ப்பாணத்தில கிளினிக்காம். கடைசிப் படகுக்கு வந்துசேர ஏலாமல் மகள் வீட்டில படுத்திட்டுத் திரும்புறா. "எங்க பிள்ளையள் போறியள்?" என்று கேட்டா. "கடல் பாக்க அம்மம்மா" என்றம். சிரிச்சா. எங்களுக்கு ஒரு நாள் சுற்றுலா. அவவுக்கு ஒரு மருந்துத்துண்டு வாங்க ரெண்டு நாள்.

அந்த ஒரு மணித்தியாலப் பயணத்தில எனக்கு விளங்கினது இதுதான்: தீவுப் பயணத்தைப் படகில இருந்துதான் திட்டமிட வேணும், கடற்கரையில இருந்து இல்லை. அங்க இருக்கிற ஆக்களுக்கு அந்தப் படகுதான் பஸ், சில நேரம் அம்புலன்ஸும் அதுதான். அதனால கிழமை நாளில போங்கோ, சின்னக் குழுவாப் போங்கோ. ஊராக்கள் ஏறி இருந்த பிறகு நாங்கள் ஏறினால் ஒண்டும் குறைஞ்சு போகாது.

திரும்புற படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கின உடனேயே துறையில கேளுங்கோ. போன மாதம் போனவன் சொன்ன நேரத்தை நம்பாதேங்கோ. பெடியளுக்குக் கடைசிப் படகைத் தவற விட்டால் அது சொல்லிச் சிரிக்க ஒரு கதை. எங்களுக்கு அப்பிடி இல்லை. அம்மாவிட்ட கெஞ்சி எடுத்த அனுமதி அது. ஒருக்கால் பிந்தினால், அடுத்த முறை எனக்கு மட்டும் இல்லை, தங்கச்சிக்கும் கதவு பூட்டு. இது நியாயமோ என்றால் இல்லை. ஆனால் குழுவாகப் போகேக்க இதை நினைவில வைக்கிறது பெடியளின்ட பொறுப்பும்தான்.

காலமும் முக்கியம். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும். வருச நடுப்பகுதியில சோளகம் அடிக்கும். மாசி, பங்குனியில கடல் ஓரளவு அமைதி, ஆனால் வெயில் கொளுத்தும். தண்ணி வீட்டில இருந்தே கொண்டுபோங்கோ. நெடுந்தீவில நல்ல தண்ணி அருமை. வறட்சியில அந்த மட்டக்குதிரைகளே தண்ணி இல்லாமல் சாகிறதாகச் செய்தி வாற இடத்தில, நாங்கள் போய் ஆர் வீட்டுக் கிணத்திலயோ உப்புக் கழுவ நிக்கிறது சரியில்லை. வெறும் போத்தலையும் பாக்கில போட்டுத் திருப்பிக் கொண்டுவாங்கோ.

கடலில இறங்கிறதென்றால் காலில செருப்போ சப்பாத்தோ இருக்கட்டும், முருகைக்கல் வெட்டும். உயிர்காப்பாளர் நிப்பார் என்று நினைக்காதேங்கோ. பெட்டையளுக்கு ஒரு சொல்: துப்பட்டாவோட இறங்காதேங்கோ, நனைஞ்சால் கழுத்தையும் கையையும் சுத்தும். உடுப்பு மாத்த மறைவிடம் தேடி நாங்கள் அலைஞ்சது போதும். ஓட்டோவை நாள் முழுக்கப் பேசி எடுத்தால் அந்தக் கரைச்சலும் குறையும், காசும் ஊராளின்ட கைக்குப் போகும். சாப்பாடும் அப்பிடித்தான், முதல் நாளே போன் பண்ணிச் சொல்லி அங்கேயே சாப்பிடுங்கோ. பார்சல் கட்டிக்கொண்டு போய்க் குப்பையை மட்டும் விட்டிட்டு வாறது சுற்றுலா இல்லை.

ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கமரம், புறாக்கூடு எல்லாம் பாருங்கோ. முருகைக்கல் வேலிகளில ஏறி நிண்டு படம் எடுக்காதேங்கோ. சாந்து பூசாமல் அடுக்கின கல், ஒண்டு சரிஞ்சால் ஆரோ ஒருத்தர் திரும்ப அடுக்க வேணும். துறைக்குக் கிட்ட குமுதினி நினைவிடம் இருக்கு. 1985 மே 15, நெடுந்தீவில இருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த அந்தப் படகில ஏறின சனம் கடலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டது. நாங்கள் செல்பி எடுத்துக்கொண்டு கடந்ததும் அதே கடல்தான். எங்களில ரெண்டு பேருக்கு மட்டும்தான் அது தெரிஞ்சிருந்தது. இதை எழுதிற நான் அந்த ரெண்டு பேரில ஒருத்தி இல்லை.

"இதெல்லாம் யோசிச்சால் எப்பிடி என்ஜோய் பண்ணுறது?" என்று ஒரு நண்பன் கேட்டான். நாங்கள் நல்லாத்தான் என்ஜோய் பண்ணினம். அந்தக் கடலின்ட நிறம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனால் திரும்பி வரேக்க எல்லாரும் நிண்டுகொண்டுதான் வந்தம். இருந்த இடங்கள் ஊராக்களுக்கு. கால் நொந்தது, வேற ஒண்டும் நடக்கேல்லை.

அடுத்த எக்ஸாம் முடியட்டும். திரும்பவும் போறம். இந்த முறை எட்டுப் பேர், ஒரு செவ்வாய்க்கிழமை.