படிக்க முடியாத எழுத்து என்னும் குற்றச்சாட்டு

பின்நவீனத்துவ அச்சுக்கலை குறித்துப் பேச்செழும்போதெல்லாம் ஒரே கதைதான் முதலில் சொல்லப்படுகிறது. 1994ஆம் ஆண்டு ‘ரே கன்’ என்னும் அமெரிக்க இசையிதழில் பாடகர் பிரையன் ஃபெர்ரி பற்றிய நேர்காணல் அச்சேற வேண்டியிருந்தது. கலை இயக்குநர் டேவிட் கார்சனுக்கு அது சலிப்பூட்டியது. நட்சத்திரமும் அம்புக்குறியும் கத்தரிக்கோலும் மட்டுமே கொண்ட ‘ஸாஃப் டிங்பேட்ஸ்’ என்னும் குறியுருத் தொகுப்பில் அதை அப்படியே அடுக்கி அச்சிட்டுவிட்டார். ஆதரிப்போர் இதைத் துணிவு என்பர். எதிர்ப்போர் இதைக் காட்டியே ஓர் இயக்கம் முழுவதையும் பித்தலாட்டம் எனத் தள்ளுவர். இரு தரப்பும் வசதியாக மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு: அதே இதழின் பின்பக்கத்தில் அந்த நேர்காணல் படிக்கத்தக்க எழுத்தில் இடம்பெற்றிருந்தது. அது ஒரு குறும்பு. ஒரு குறும்பை வைத்து இருபதாண்டுச் சிந்தனையை எடைபோடுவது நேர்மையான திறனாய்வு ஆகாது.

அச்சிந்தனை எதை எதிர்த்தது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. 1930இல் பியாட்ரிஸ் வார்ட் ஆற்றிய உரையொன்றில் நல்ல அச்சைத் தெளிந்த பளிங்குக் கிண்ணத்துக்கு ஒப்பிட்டார். மதுவின் நிறமே தெரியவேண்டும், கிண்ணம் கண்ணில் படலாகாது என்பது அவ்வுவமையின் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர்கள் இதனை வேறு வழியில் ஒரு முறையியலாகவே வளர்த்தெடுத்தனர். கட்டங்களால் பகுக்கப்பட்ட பக்கம், அணியற்ற எழுத்து, சீரான இடைவெளி. 1957இல் வெளிவந்த ஹெல்வெட்டிகா அதன் அடையாளமாயிற்று. அமெரிக்காவில் இம்முறையைப் பரப்பிய யுனிமார்க் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் ஆய்வகத்தாரைப் போல வெண்மேலங்கி அணிந்து பணியாற்றினர். அறிவியலின் நடுநிலையைத் தமது வடிவமைப்பும் பெற்றுவிட்டதென அவர்கள் நம்பியதற்கு அந்த உடையைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்த நடுநிலை எவ்வளவு நடுநிலையானது? யுனிமார்க்கைத் தோற்றுவித்தோருள் ஒருவரான மாசிமோ விக்னெல்லி 1972இல் நியூயார்க் சுரங்க ரயிலுக்கு வரைந்த வரைபடம் கண்ணுக்கு இனியது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம், எல்லாத் திருப்பங்களும் ஒழுங்கான கோணங்களில். ஆனால் அதில் சென்ட்ரல் பார்க் சாம்பல் நிறச் சதுரமாயிற்று. நீர்நிலைகள் நீலத்தை இழந்தன. தரைக்கு மேல் வந்து நடக்கவேண்டிய பயணி தம் நகரை அதில் அடையாளம் காண இயலவில்லை என்று முறையிட்டார். 1979இல் அது விலக்கப்பட்டது. இன்றும் வடிவமைப்பாளர்கள் அதைப் போற்றுகின்றனர். போற்றுதலுக்குரியதுதான். எனினும் அதன் தெளிவு வரைந்தவருக்கும் அவரது துறையினருக்கும் வாய்த்த அளவுக்குப் பயணிக்கு வாய்க்கவில்லை.

முதல் விரிசல் பாசல் நகரிலேயே, அம்முறையின் தாய்வீட்டிலேயே விழுந்தது. வூல்ஃப்காங் வைங்கார்ட் ஈய எழுத்துக் கோக்கும் தொழிலைக் கற்றவர். 1968 முதல் அங்கே கற்பித்த அவர், எழுத்திடையே மிகையான வெளி, படிக்கட்டாய் ஏறும் கட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய படச்சுருள்கள் என, விதிகளை உடைத்தால் என்ன ஆகும் என்று தம் கையாலேயே சோதித்துப் பார்த்தார். விதியை அறியாதவரின் கிறுக்கல் அன்று அது. எழுத்தின் எடையை விரலால் உணர்ந்தவரின் ஐயம். டான் ஃப்ரீட்மனும் ஏப்ரல் கிரைமனும் அவ்வையத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர்.

யுனிமார்க்கில் பணியாற்றியிருந்த கேத்தரின் மெக்காய் மிச்சிகனின் கிரான்புரூக் கலைக் கல்லூரிக்கு வந்தபின் இவ்வையம் கோட்பாட்டைச் சந்தித்தது. 1978இல் ‘விசிபிள் லாங்வேஜ்’ என்னும் ஆய்விதழ் பிரெஞ்சு இலக்கியக் கோட்பாடு குறித்த சிறப்பிதழைக் கொணர்ந்தது. வடிவமைத்தோர் கிரான்புரூக் மாணவர்கள். முதற் கட்டுரை ஏறத்தாழ வழக்கமான பக்கமாகவே தொடங்குகிறது. பின்வரும் கட்டுரைகளில் சொற்களுக்கிடையிலான வெளி மெல்ல மெல்ல விரிகிறது. அடிக்குறிப்புகள் அடியில் அடங்காமல் இடம்பெயர்கின்றன. ஒரு கட்டத்தில் கண் இடமிருந்து வலமாகச் செல்வதா மேலிருந்து கீழாக இறங்குவதா என வாசகரே முடிவெடுக்கவேண்டியுள்ளது. பொருள் நூலாசிரியரிடம் முடிந்துபோவதில்லை என்று கட்டுரைகள் வாதிட, பக்கங்கள் அதை வாசகரின் கண்ணுக்கே நிகழ்த்திக் காட்டின. ‘ரே கன்’ இதழுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கேனும் இவ்விதழுக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

1984இல் மாக்கின்டாஷ் கணினி வந்தது. அதே ஆண்டு ‘எமிகிரே’ இதழ் தொடங்கியது. அதற்கெனச் சுசானா லிச்கோ அக்கணினியின் கரடுமுரடான புள்ளிகளை மறைக்காமல் அவற்றைக் கொண்டே எழுத்துருக்கள் வரைந்தார். படிக்க எளிது என்பது எழுத்தின் பிறவிக்குணம் அன்று, மக்கள் எதை அதிகம் படிக்கிறார்களோ அதுவே அவர்களுக்கு எளிதாகிறது என்பது அவரது வாதம். விக்னெல்லி போன்றோர் இதைக் குப்பை என்றே ஏசினர். ஆனால் வரலாறு லிச்கோவின் பக்கமே சாய்கிறது. 1941இல் நாஜி அரசு விலக்கும் வரை ஜெர்மானியர் கோண எழுத்தை இடரின்றிப் படித்துவந்தனர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கின்றனர். தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. பெரியார் 1935 முதல் ‘குடியரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய துதிக்கை வடிவங்கள் ஒரு தலைமுறைக்குள் பாடநூலிலிருந்து மறைந்தன. தாத்தாவுக்கு இயல்பாயிருந்த வடிவத்தில் பேரன் இடறுகிறான். எழுத்தில் குறையேதும் இல்லை.

இவ்வியக்கத்தின் மீது குறையே இல்லை என்பதன்று. 1993இல் ஸ்டீவன் ஹெல்லர் அருவருப்பு ஒரு வழிபாடாகிவிட்டதெனச் சாடியபோது, கிரான்புரூக் மாணவர்களுக்கு அவர் இழைத்த அநீதி ஒருபுறமிருக்க, பின்வந்த போலிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது பலித்தது. கிழிந்த எழுத்தும் மங்கிய வரியும் பெப்சிக்கும் நைக்கிக்கும் விளம்பரம் விற்றன. சலவைக்கூடமொன்றின் அறிவிப்புப் பலகையைக் கண்டு பாரி டெக் 1990இல் வரைந்த ‘டெம்பிளேட் கோதிக்’ 2011இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் சேர்ந்தது. விக்னெல்லியே 1996இல் லிச்கோவின் ‘ஃபிலசோஃபியா’ எழுத்துருவுக்குச் சுவரொட்டி வடிவமைத்துத் தந்தார். சண்டை ஓய்ந்தது, பாணி எஞ்சியது, கேள்வி மட்டும் கைவிடப்பட்டது.

அக்கேள்வி இந்தியாவுக்கு அயலானதன்று. 1960களில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குப் பாசலின் ஆர்மின் ஹோஃப்மன் கற்பிக்க வந்தார். கட்டமும் ஒழுங்கும் பாடமாக வந்தன. அவற்றை எதிர்த்த ஐயமோ பின்னாளில் வெறும் பாணியாகவே வந்துசேர்ந்தது. இன்று கைப்பேசித் திரையில் பல எழுத்துமுறைகள் ஒரே குடும்பமாக வடிவமைக்கப்படும்போது, பெரும்பாலும் லத்தீன் எழுத்தே முதலில் நிலைபெறுகிறது. அதன் கோட்டின் தடிமனுக்கும் உயரத்துக்கும் ஏற்பத் தமிழின் சுழியும் மலையாளத்தின் வளைவும் இழைக்கப்படுகின்றன. இசைவு என்று அதற்குப் பெயர். அந்த இசைவில் எது எதற்கு இணங்கியது என்று கேட்பதற்கான கருவிகளைத்தான் கிரான்புரூக் தந்தது. கார்சனின் டிங்பேட்ஸ் பக்கத்தைத் திரையில் காட்டிச் சிரித்துவிட்டு நகரும் வடிவமைப்பு வகுப்பறைகளில், 1978இன் அந்தச் சிறப்பிதழையும் அதே ஆண்டின் தமிழக எழுத்துச் சீர்திருத்த ஆணையையும் அருகருகே விரித்துவைத்து ஒரு பருவம் முழுதும் கற்பிக்கலாம்.