நாடாவின் மீது பழி போடாதீர்கள்

அண்மையில் கொழும்பிலுள்ள நிறுவனமொன்றின் கணினிப் பிரிவில் பணிபுரியும் இளைஞர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். "ரேப் எல்லாம் பழைய காலத்துச் சாமான், ஐயா. எந்நேரமும் பிரச்சினை. தூக்கி எறியப் போகிறோம்" என்றார். சேர்வர்களிலுள்ள தரவுகளை இரவுதோறும் காந்தநாடாவில் பதிந்து வைக்கும் ஏற்பாட்டைத்தான் அவர் சொன்னார். சில நாட்களில் சேர்வருக்கு நாடாக் கருவி தென்படுவதேயில்லை. தென்படும் நாட்களிலோ விடிந்த பின்னரும் வேலை முடிவதில்லை என்பது அவரது முறைப்பாடு. காரணத்தைத் தேடினீர்களா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

நான் கணினி நிபுணன் அல்லன். ஈய எழுத்துகளை அச்சுக்கோத்த காலத்தில் பத்திரிகைக்கு வந்தவன். ஆயினும் இவ்விடயத்தில் வாய் திறக்க எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பெரும் விலை கொடுத்தே வாங்கினேன்.

2005 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நான் அப்போது பணியாற்றிய காரியாலயத்தில் சேர்வரின் வன்தட்டு பழுதடைந்தது. பத்திரிகைப் பக்கங்கள், செய்தியாளர்கள் அனுப்பிய படங்கள், விளம்பரக் கணக்குகள் யாவும் அதிலேயே இருந்தன. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் கிழக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து சேர்ந்த நூற்றுக்கணக்கான படங்களும் அவற்றுள் அடக்கம். யாரும் பதறவில்லை. இரவுதோறும் நாடாவில் பதிவாகிறதே! ஒவ்வொரு காலையும் 'வெற்றி' என்ற அறிக்கை முகாமையாளரின் மேசைக்கு வந்துகொண்டிருந்ததே!

நாடாவை மீட்டுப் பார்த்தபோது விளம்பரக் கணக்கு மாத்திரம் இருந்தது. வேறொரு நாடாவைப் போட்டார்கள். அதிலும் விளம்பரக் கணக்கு. அலுமாரியிலிருந்த அத்தனை நாடாக்களிலும் அதுவே.

நடந்தது இதுதான். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரே நாடாக் கருவிக்கு இரு பெயர்கள் உண்டு. 'எஸ்ரி0' என்ற பெயரால் அழைத்தால், வேலை முடிந்ததும் நாடா தொடக்கத்துக்கே சுற்றப்பட்டுவிடும். 'என்எஸ்ரி0' என்று அழைத்தால், நின்ற இடத்திலேயே நிற்கும். எங்கள் கட்டளைத் தொகுப்பில் அந்த 'என்' இல்லை. முதலில் பக்கங்கள் பதிவாகின. நாடா தொடக்கத்துக்குத் திரும்பியது. பக்கங்களின் மேல் படங்கள் பதிவாகின. மீண்டும் திரும்பியது. படங்களின் மேல் கணக்குகள் பதிவாகின. கடைசிப் பதிவின் முடிவுக்கு அப்பால் பழைய தரவு எஞ்சியிருந்தாலும், கருவி அந்த எல்லையைத் தாண்டிப் படிக்காது. மூன்று கட்டளைகளும் தனித்தனியே உண்மையாகவே வெற்றி பெற்றவை. அறிக்கை பொய் சொல்லவில்லை. நாம்தான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

அன்றும் பழி நாடாவின் மீதே விழுந்தது. "தரமற்ற ரேப்" என்று முகாமைத்துவம் தீர்ப்பளித்தது. சொன்னதைச் சொன்னபடி செய்த பொருளைக் குற்றவாளியாக்குவது எவ்வளவு வசதியானது!

இளைஞரின் முறைப்பாட்டுக்கு வருவோம். கருவி தென்படவில்லையென்றால், முதலில் கேபிளையும் அதன் இணைப்புகளையும் பார்க்கவேண்டும். அடுத்து, இயங்குதளம் அதனைக் காண்கிறதா என்று பார்க்கவேண்டும். காண்கிறது, ஆனால் 'வேலையில் உள்ளது' என்று மறுக்கிறது என்றால், வேறொரு மென்பொருளோ பாதியில் நின்றுபோன பழைய வேலையோ அதனைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். துப்புரவு விளக்கு எரிந்தால் துப்புரவு நாடாவைப் போடவேண்டும். அதுவும் குறிப்பிட்ட தடவைகளே பயன்படும். இவற்றில் எதற்கும் புதிய கருவி தேவையில்லை.

மந்தகதியின் கதை இன்னும் சுவையானது. 2000 இல் வந்த முதலாவது எல்.ரி.ஓ. நாடா 100 கிகாபைட் கொண்டது. 2021 இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட் கொள்ளும். செக்கனுக்கு 400 மெகாபைட் வரை எழுதும். ஆனால் 1 கிகாபிட் வலையமைப்பு செக்கனுக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் தரவே மாட்டாது. இலட்சக்கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும்போது அதுவும் கிடைக்காது. கருவி தன் வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும். அதற்கும் ஒரு கீழெல்லை உண்டு. தரவு அதற்கும் மெதுவாக வந்தால் நாடா நிற்கும், பின்னோக்கிச் சுற்றும், மறுபடி ஓடும். துறைசார்ந்தோர் இதனைச் 'சப்பாத்துத் துடைத்தல்' என்பர். நாடாவும் தேய்கிறது, நேரமும் போகிறது. இந்நிலையில் இன்னும் வேகமான கருவியை வாங்குவது, பசித்தவனுக்குப் பெரிய கோப்பையை வாங்கிக் கொடுப்பதற்கு ஒப்பானது. தரவுகளை முதலில் வேகமான வட்டில் திரட்டி, அங்கிருந்து ஒரே ஓட்டமாக நாடாவுக்கு அனுப்புவதே வழி. கருவியைச் சோதிக்க வெறும் பூச்சியங்களை எழுதிப் பார்ப்போர் உளர். அவை சுருங்கிவிடுமாதலால் கிடைக்கும் எண் ஏமாற்று எண்.

"நாடா வேண்டாம், எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது" என்போருக்கு இரு சம்பவங்களை நினைவூட்டுகிறேன். 2011 பெப்ரவரியில் மென்பொருட் கோளாறினால் ஜீமெயில் பாவனையாளர்களில் 0.02 சதவீதமானோரின் மடல்கள் மறைந்தன. பல பிரதிகளையும் அக்கோளாறு தாக்கியது. கூகிள் அவற்றை மீட்டது காந்தநாடாவிலிருந்து. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கக் கிளவுட் கப்பமென்பொருள் தாக்குதலுக்கு உள்ளானது. இணைப்பிலிருந்த காப்புப்பிரதியும் சேர்ந்தே முடங்கியது. ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் தொலைந்தன. அலுமாரியில் கிடக்கும் நாடாவை எந்தக் கப்பக்காரனாலும் பூட்டமுடியாது. ஒரு நாடாகூட அலுமாரியில் இல்லாத அரசாங்கம் நவீனமானது என்று யார் சொன்னது?

1981 இல் யாழ்ப்பாணத்தில் நூலகமும் ஈழநாடு காரியாலயமும் எரிந்தபோது, ஒற்றைப் பிரதியின் விலையை நாம் அறிந்துகொண்டோம். அது பிறர் வைத்த தீ. 2005 இல் என் கண்முன் நடந்தது நாமே வைத்த தீ. அதனால்தான் அது எனக்கு இன்னும் சுடுகிறது.

ஆகவே, தரவுகளுக்குப் பொறுப்பானவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. மாதம் ஒருமுறை ஏதாவதொரு நாடாவை எடுங்கள். அதனைப் பதிந்தவர் அல்லாத இன்னொருவர், வேறொரு கருவியில், வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்கட்டும். மீட்ட கோப்பைத் திறந்து வாசித்துவிட்டுக் கையொப்பமிடட்டும். அந்தக் கையொப்பம் விழும்வரை உங்களிடம் இருப்பது காப்புப்பிரதி அன்று, நம்பிக்கை மாத்திரமே. அதனைச் செய்யாமல் நாடாவைத் தூக்கி எறிபவர், நாளை கிளவுட்டையும் இதே வாயால்தான் திட்டப்போகிறார்.

அந்தப் படங்களுள் ஒன்றில், முல்லைத்தீவுக் கரையில் ஒரு மூதாட்டி கையில் ஒற்றைச் செருப்புடன் நின்றிருந்தார். அது என் ஞாபகத்தில் மாத்திரமே இருக்கிறது. என் ஞாபகத்துக்கோ காப்புப்பிரதி கிடையாது.