நோய் தமிழனுக்கு; மருந்துச்சீட்டு எவனுக்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நிகழ்ந்த பேராய்வொன்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலக்கம் பேர் நீரிழிவுற்றுள்ளனர் என்பது அதன் கணிப்பு. தமிழ்நாட்டில் 20 அகவை எய்தியோருள் நூற்றுக்கு 14.4 பேர், ஏறத்தாழ எழுவருக்கு ஒருவர் என்க. ஒருகாலத்தில் செல்வர் நோய் எனப்பட்டது, இன்று செங்கல் சுமக்கும் சித்தாளையும், சாலையோரத்தில் பூக்கட்டி விற்கும் முதியவளையும் பற்றி நிற்கின்றது. தீட்டிய வெள்ளரிசியும், உடலசைவற்ற பிழைப்பும், குடிவழியும் இதற்குக் காரணங்களாவன. அவை பலரும் பேசியவை. பேசப்படாத ஒன்றும் உண்டு.

காய்ச்சலுற்றவனுக்கு மருத்துவர் மருந்து தருகின்றார், அவன் படுத்திருக்கின்றான், நோய் அகலுகின்றது. நீரிழிவோ அத்தகையதன்று. திங்களுக்கொருமுறை, அதுவும் நெடிய வரிசையில் ஒருநாட் கூலியை இழந்து நின்ற பின்னர், மருத்துவர் சிறிது நேரம் பார்க்கின்றார். எஞ்சிய நாளெல்லாம் நோயரே தமக்கு மருத்துவர். உணவை அளப்பவர் அவர். வில்லையை வேளையறிந்து விழுங்குபவர் அவர். ஊசியைத் தம் வயிற்றில் தாமே குத்திக்கொள்பவரும் அவரே. திடுமென வியர்த்து, கைநடுங்கி, கண்ணிருளுமாயின், குருதியில் இனிப்புத் தாழ்ந்ததென உணர்ந்து உடனே வெல்லத்தையோ இன்னீரையோ உட்கொள்ள வேண்டியவரும் அவரே. இத்துணைப் பொறுப்பையும் ஏழைத் தமிழர் தலையில் ஏற்றிவிட்டு, அதற்குரிய அறிவை மட்டும் அவர் படிக்கவியலாத மொழியில் பூட்டி வைத்திருப்பது எவ்வகை அறம்?

மருந்துச்சீட்டில் 'ஓ.டி.' என்றும் 'பி.டி.' என்றும் கிறுக்கப்பட்டிருக்கும். நாளுக்கு ஒருமுறை, இருமுறை என்பனவே அவற்றின் பொருள். அவை ஆங்கிலமுமல்ல, இலத்தீனம்! வில்லைப் பட்டையில் ஆங்கிலம். சிலவற்றில் இந்தியும் உண்டு. தமிழ்நாட்டு மருந்துக் கடையில் தமிழனுக்கு விற்கப்படும் பட்டையில் இந்திக்கு இடமிருக்கின்றது, தமிழுக்கு இடமில்லை.

இன்சுலின் என்னும் கணையச் சுரப்புநீரைப் பாருங்கள். இந்நாட்டுப் புட்டிகளுட் பெரும்பாலானவை ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு செறிவுடையவை. 100 அலகு செறிவுடையனவும் உள. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் வேண்டும். 40-க்குரிய குழலில் 100 அலகுச் செறிவுள்ள மருந்தை அதே கோடுவரை இழுத்து ஏற்றினால், உடலுட் செல்வது இரண்டரை மடங்கு. நினைவு தப்பும்; உயிரும் போகலாம். மாறிச் செய்தாலோ ஐந்தில் இரு பங்கே சேரும்; நோய் உள்ளிருந்து அரிக்கும். சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே நிற்கும் அந்தச் சிற்றெண்ணின் பொருளை உணர்த்தும் சொற்கள் புட்டியில் எம்மொழியில் உள்ளன?

கவனிப்பாரற்ற நீரிழிவு காலின் நரம்புணர்வைக் கெடுக்கும். வெறுங்காலோடு வயலில் நடப்பவர் முள் தைத்ததை அறியார். புண் தோன்றியதை அறியார். அறியும்பொழுது அறுவையர் காலை அகற்றும் நிலை வந்திருக்கும். 'நாள்தோறும் உள்ளங்காலைப் பார். செருப்பின்றி நடவாதே' என்னும் ஒருவரித் தமிழ் உரிய நாளில் சென்று சேர்ந்திருந்தால் அக்கால்களுட் பல தப்பியிருக்கும். சிறுநீரகம் பழுதுற்றவர் கிழமைக்கு இருமுறையோ மும்முறையோ, முறைக்கு நான்கு மணிநேரம் குருதித் தூய்மிப் பொறியோடு பிணைக்கப்படுகின்றார். அப்பொறியும் படுக்கையும் செவிலியர் உழைப்பும் அரசு மருத்துவமனையின் தோளிலேயே விழுகின்றன. ஒரு வரியை மிச்சப்படுத்திய அரசு, ஓர் உறுப்புக்கு விலை கொடுக்கின்றது.

நோயின் பெயரிலேயே அடிமைத்தனம் ஏறியிருப்பதும் காண்க. 'நீரிழிவு' எனும் தெளிந்த தமிழ்ச்சொல் இருக்க, 'சர்க்கரை வியாதி' என்று இரண்டு வடசொற்களைக் கூட்டி வழங்குகின்றனர். சற்றே படித்தோர் 'சுகர்' என்கின்றனர்.

தமிழில் மருத்துவம் சொல்லவியலாது என்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்கட்டும். 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கரான சாமுவேல் பிசுக்கு கிரீன் அங்கே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார், மருத்துவர்களை உருவாக்கினார். அயலவர்க்குக் கைவந்தது, 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டமியற்றிய மாநிலத்துக்கு ஏன் கைவரவில்லை?

2021 ஆகத்துத் திங்களில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு வில்லைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு செல்கின்றது. நல்ல பணி, 2024-இல் ஒன்றிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. வாயில்வரை வந்த மருந்து வாய்திறந்து தமிழ் பேசாததே குறை. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமே மொத்தமாக வாங்குகின்றது. வாங்குபவன் இட்டதே கட்டளை. மருந்தின் பெயர், செறிவு, உண்ணும் முறை, குருதியினிப்புத் தாழ்ந்தால் செய்ய வேண்டுவது ஆகிய நான்கையும் தமிழில் அச்சிட்டுத் தருவோரிடமே வாங்குவதென அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதட்டும். அதற்குப் புதுச்சட்டமும் வேண்டா, தில்லியின் இசைவும் வேண்டா.