'நிறுத்து' என்கிறது 91, 'நிற்காதே' என்கிறது 122: லாரி டிரைவர் எங்கே தூங்குவார்?

சேலம் - உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலையில் நள்ளிரவுக்கு மேல் காரிலோ ஆம்னி பஸ்ஸிலோ போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். சின்னசேலம் தாண்டினால் கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை என்று ஆங்காங்கே சாலையோரத்தில் லாரிகள் நிற்கும். சிலவற்றில் இண்டிகேட்டர் மினுக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக ஒடித்துப்போட்ட கொஞ்சம் செடியும் இரண்டு கல்லும் கிடக்கும். உள்ளே டிரைவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

"இங்கயா கொண்டுவந்து நிறுத்துவாங்க?" என்று திட்டிவிட்டுக் கடந்துபோவது சுலபம். ஆனால், அவர் அங்கே நிற்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கோவையில் லோடு ஏற்றிச் சென்னைக்குக் கிளம்பும் லாரி, சேலம் வழியாக உளுந்தூர்பேட்டை வருவதற்குச் சுமார் 300 கி.மீ. ஓட வேண்டும். லோடு வண்டிக்குச் சராசரியாக மணிக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஏழரை மணி நேரம். சட்டம் சொல்லும் எட்டு மணி நேர வேலை தீருகிற இடம் ஏறக்குறைய கள்ளக்குறிச்சி மாவட்டம்தான்.

எந்தச் சட்டம்?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நீண்ட தூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்று 10 மணி நேரம் வரை போகலாம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேர ஓய்வு வேண்டும். ஒருநாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் 9 மணி நேர இடைவெளி வேண்டும். இந்தச் சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கானது. ஆனால், 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தனது 91-வது பிரிவில், போக்குவரத்து வாகனம் ஓட்டுகிறவர்களின் வேலை நேரத்துக்கு இதையே அளவாக வைத்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தை உள்வாங்கிக்கொண்டாலும் 8 மணி நேர வரம்பு அப்படியே இருக்கிறது.

காகிதத்தில் இத்தனை இருந்தும் சாலையில் எதுவும் இல்லை. இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவைசிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கு அது. அதில்தான் 2025 ஏப்ரலில், 8 மணி நேர விதியை நடைமுறைப்படுத்த மாநிலங்களோடு கூடிப் பேசி வழி காணுங்கள் என்று மத்திய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 2021-ல், விமானிகளைப் போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பேசியிருக்கிறார்.

நேரத்தை எப்படிக் கணக்கெடுப்பது? வண்டியிலேயே ஒரு மின்னணுப் பதிவுக் கருவியை வைத்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். ஐரோப்பாவில் இருக்கிறது, அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்து கட்டாயம். இங்கே லாரிக்குள் ஏற்கெனவே மின்னணுக் கண்கள் உண்டு. வீரசோழபுரம் டோல்கேட்டைத் தாண்டிய நிமிடத்தை ஃபாஸ்டேக் சொல்லிவிடும். இ-வே பில் 200 கி.மீ.-க்கு ஒருநாள் என்று சரக்குக்குக் கெடு வைத்திருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்பதை ஓனர் ஜிபிஎஸ்ஸில் போனிலேயே பார்க்கிறார். எல்லாம் சரக்கையும் வண்டியையும் பார்க்கின்றன. டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்கும் கருவி மட்டும் இல்லை. ஆக, கருவி வேண்டாம் என்பதல்ல வாதம். அது மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் ஆனதைப் பார்க்கலாம். அங்கே 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். லோடு இறக்கக் காத்திருந்தாலும் அந்த 14 மணி நேரக் கடிகாரம் பொதுவாக ஓடிக்கொண்டேயிருக்கும். கருவி கட்டாயமானதும் நேர வரம்பு மீறல்கள் குறைந்தன. ஆனால் விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும், சிறிய நிறுவனங்களின் டிரைவர்கள் அதிவேகத்துக்காகப் பிடிபடுவது கூடியது என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். காத்திருப்பில் போன நேரத்தை ஆக்ஸிலேட்டரில் மீட்கப் பார்க்கிறார்கள், வேறென்ன!

நிறுத்தும் இடம் இன்னொரு கதை. 2009 மார்ச்சில் தெற்கு கரோலினாவில் பால் லோடு கொண்டுபோன ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர், சரக்கு இறக்கும் இடம் இன்னும் திறக்காததால், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரங்கட்டினார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்றவனுக்குக் கிடைத்தது 7 டாலர். அவருடைய மனைவி விடாமல் போராடியதில், லாரிகளுக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம் பற்றிய 'ஜேசன் சட்டம்' 2012-ல் வந்தது. கருவி கட்டாயமானது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்துதான். அப்படியும் அங்கே இன்றுவரை இடப் பற்றாக்குறை தீரவில்லை.

நம் ஊரில் டீசல் திருட்டும் தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கை எடுப்பதும் டிரைவர்களின் அன்றாடப் பயம். வெளிச்சமான இடம், நாலு வண்டி சேர்ந்து நிற்கும் இடம் என்று தேடுவது அதனால்தான். கிடைக்காவிட்டால் சாலை ஓரமே கதி. அதுவும் பாதுகாப்பு இல்லை. இந்த நெடுஞ்சாலையில் ஊர்களைச் சுற்றிப்போகும் புறவழிச்சாலைகளை முதலில் இருவழியாகவே போட்டார்கள். நான்குவழியில் வேகமாக வரும் வண்டி குறுகலான சாலைக்குள் நுழையும்போது ஓரத்தில் ஒரு லாரி இருட்டில் நின்றால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. விபத்து நடந்தால் வழக்கு, நின்ற லாரியின் டிரைவர் மீதும் பாயலாம். அபாயம் தரும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு. 91 நிறுத்தச் சொல்லும், 122 இங்கே நிறுத்தாதே என்று சொல்லும். எங்கே நிறுத்துவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

லே-பை என்ற பெயரில் சாலையை அகலப்படுத்திவிட்டால் அது தூங்கும் இடமாகிவிடாது. விளக்கு, தண்ணீர், கழிப்பறை, இரவுக் காவலாளி இருந்தால்தான் டிரைவர் நம்பிக் கண்ணை மூடுவார். நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்காக 1,000 நவீன ஓய்விடங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். கோவை, திருச்சி பக்கமிருந்து வரும் வண்டிகள் ஒன்றுசேரும் உளுந்தூர்பேட்டையைச் சுற்றி அப்படியொரு இடம் முதலில் வர வேண்டும். எட்டு மணி நேரக் கணக்கை நடைமுறைப்படுத்தினால் இங்கே நிற்கும் வண்டிகள் கூடுமே தவிர குறையாது.

பெரிதாகப் பேசப்படாத சங்கதி ஒன்றும் இருக்கிறது. 1961-ம் ஆண்டுச் சட்டத்தில், வேலைக்காகக் காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலை நேரம். அதற்கு மேல் காத்திருந்தால் கணக்கில் வராது. அரைவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு கொண்டுபோகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கோடு இறங்கி, ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் வேனுக்கும் அதே கதைதான். வாசலில் அரைத்தூக்கமாகக் கிடந்த நேரத்தை ஓய்வு என்று எழுதிக்கொண்டால், கருவியின் பதிவில் அவர் புத்துணர்ச்சியோடு கிளம்பியவர். உண்மையில் கண் எரிய வளைவுகளில் வண்டி திருப்புகிறவர். இதில் பலர் தாமே ஓனர், தாமே டிரைவர். ஓட்டாத நாளில் வருமானம் இல்லை, தவணை மட்டும் வரும்.

எனவே, கருவி பற்றிப் பேசும்போதே காத்திருப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் பேச வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வண்டியைக் காக்கவைத்தால் ஆலையோ கிடங்கோ மணிக் கணக்கில் பணம் தர வேண்டும் என்று வாடகை ரசீதிலேயே எழுதலாம். ஆலை வளாகத்தின் காலி இடத்தை, லோடு இறக்கிய வண்டி அன்றிரவு அங்கேயே நின்று டிரைவர் தூங்கிப்போகத் திறந்துவிடலாம். விளக்கும் காவலாளியும் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.