கோழி தூங்கி விழுந்த பிறகு ஓடாதீங்க!

நேத்து வரைக்கும் குப்பையைக் கிளறிக்கிட்டிருந்த கோழி, இன்னிக்கு ஓரமா தூங்கி வழியுதா? எச்சம் வெள்ளையும் பச்சையுமா இருக்கா? கழுத்து முறுக்கிக்குதா? வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். வைரஸ் நோய் என்பதால் குணப்படுத்த மருந்து கிடையாது. சில நாள்களிலேயே பஞ்சாரம் காலியாகிவிடும். வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுக் காசும் அதோடு போய்விடும்.

தடுப்பு மருந்துதான் இருக்கே, அப்புறமும் ஏன் சாகுது? ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் மேல் வரும். குளிர்ச்சி குறையாமல் வைத்திருந்து, கரைத்ததும் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பத்துக் கோழி வளர்ப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. இதற்காகத்தான் தமிழகத்தில் கால்நடை பராமரிப்புத் துறை, கோடைக்கு முன்பாக பிப்ரவரியில் இலவச முகாம் நடத்துகிறது. தெருவே சேர்ந்து போட்டால்தான் முழுப் பலன்.

குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. 8 வாரம் ஆனதும் இறக்கைப் பகுதியில் ஊசி.

நோய் வந்துடுச்சா? ‘சாகுறதுக்குள்ள வித்துடலாம்’னு சந்தைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. நோய் ஊர்விட்டு ஊர் போவது இப்படித்தான். நோயுற்றதைத் தனியாக அடையுங்கள். இறந்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். கொத்துக்கொத்தாக இறந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முகாம் தேதியை இப்பவே கேட்டு வைங்க. பக்கத்து வீட்டுக்கும் சொல்லிடுங்க!