பர்மிங்காம் முத்திரையும் கான்பூர் இளக்காரமும்

எங்க ஊர்ப்பக்கம் ஒரு வியாதி இருக்குதுங்க. மோட்டார் பம்ப் வாங்கப் போனா வார்ப்பு எங்க, காயில் யாரு சுத்துனதுன்னு அரை மணி நேரம் குடைவோம். ஓட விட்டு பேரிங் சத்தத்தைக் காது குடுத்துக் கேப்போம். கிரைண்டர் வாங்கினா கல்லைத் தட்டிப் பாப்போம். அதே ஆளுங்க ரிவால்வர்னு வந்துட்டா மட்டும் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறாங்க: "இங்கிலீஷ்காரனுதா, கான்பூர் சரக்கா?" கான்பூர்னு சொல்லிட்டா உதட்டைப் பிதுக்கிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருவாங்க.

பொட்டி தட்டறவனுக்கு ரிவால்வர் எதுக்குன்னு கேக்காதீங்க. என்கிட்ட லைசென்ஸும் இல்ல, வாங்கற ஆசையும் இல்ல. ஆனா தோட்டத்துச் சாளைல தனியா குடியிருக்கறவங்க, எஸ்டேட்காரங்க, நகை வியாபாரிங்கன்னு லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க நம்ம பக்கம் இருக்காங்க. எங்க அப்புச்சிகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. எலக்‌ஷன் அறிவிச்சா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வருவாரு. முடிஞ்சதும் போய் எடுத்துட்டு வருவாரு. அது கான்பூர் ரிவால்வர். அதனால சொந்தக்காரங்க பண்ண நக்கலைச் சின்ன வயசுல இருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நக்கலுக்குத்தான் இந்தப் பதிவு.

விசயத்துக்கு வருவோம். இங்கிலாந்துல பர்மிங்காம் நகரத்துக் கம்பெனி வெப்லி அண்ட் ஸ்காட். 1887-ல பிரிட்டிஷ் ராணுவம் வெப்லி ரிவால்வரை ஏத்துக்கிச்சு. முதல் உலகப் போர்ல 1915-ல வந்த மார்க் 6 ரொம்பப் பிரபலம். வெள்ளைக்காரத் துரை இடுப்புல தொங்கற மாதிரி பழைய படத்துல பாக்கறோமே, அந்த வம்சம். 1979-ல அந்தக் கம்பெனி துப்பாக்கி செய்யறதையே நிறுத்திடுச்சு. 2020-ல அதே பேர்ல, உத்தரப்பிரதேசத்துல லக்னோவுக்குப் பக்கத்துல சண்டிலாங்கற ஊர்ல, ஒரு இந்தியக் கம்பெனியோட கூட்டு சேர்ந்து .32 ரிவால்வர் செய்ய ஆரம்பிச்சாங்க. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல. உடனே நம்மாளுங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுட்டாங்க. ஒரு கட்சி, "அப்பாடா, இனி கான்பூர் தகரத்தைத் தொட வேண்டாம், ஒரிஜினல் வெப்லியே வந்தாச்சு"ங்குது. இன்னொரு கட்சி, "இதெல்லாம் பேருக்கு வெப்லி, அசல்னா பழைய பர்மிங்காம்தான்"ங்குது.

நான் சொல்றேன், ரெண்டு கட்சியும் முத்திரையைத்தான் பாக்குது. பொருளை யாரும் பாக்கல.

மொதக் கட்சிக்கு ஒரு கேள்வி. நீங்க தகரம்னு சொல்ற கான்பூர் .32 எங்கிருந்து வந்துச்சு? அது வெப்லி மார்க் 4-ஓட வாரிசுங்க. சந்தேகம்னா ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இடது பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு நெம்புகோல். அதை அமுக்கினா மேல இருக்கற கொக்கி விடும். குழல் முன்னாடி மடங்கும். நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழும்பி, ஆறு காலித் தோட்டாவையும் ஒண்ணா வெளிய தள்ளும். குழல் நீளத்தைக் குறைச்சு, தோட்டாவை .32-க்கு மாத்தி, அரசாங்கத் தொழிற்சாலை பேரைக் குத்தியிருக்காங்க. நம்ம பாஷைல சொன்னா அதே கோடு, வேற லோகோ. அதாவது வெப்லி 2020-ல இந்தியாவுக்குத் திரும்பி வரல. பேரு இல்லாம பல வருஷமா இங்கதான் இருந்துச்சு. நாமதான் கண்டுக்கல.

"அது காப்பிதானே"ன்னு இப்ப ஒருத்தர் பின்னூட்டம் போடுவாரு. போடுங்க. ஆனா இந்த டிசைனை மொதல்ல காப்பி அடிச்சது யாருன்னு தெரியுமா? சாட்சாத் பிரிட்டிஷ் அரசாங்கம்! முதல் உலகப் போர் முடிஞ்சதும் ராணுவத்துக்கு .38 அளவுல சின்ன ரிவால்வர் வேணும்னு கேட்டாங்க. வெப்லி மார்க் 4-ஐக் கொண்டுபோய்க் குடுத்துச்சு. அதைப் பாத்துட்டு, என்ஃபீல்டுல இருந்த அரசாங்கத் தொழிற்சாலைல கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணைச் செஞ்சு, 1932-ல அதையே ராணுவத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. வெப்லி 2,250 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டுத் தோத்துச்சு. அப்புறம் கண்டுபிடிப்பாளர்களுக்கான ராயல் கமிஷன் பாத்து 1,250 பவுண்டு குடுத்துச்சு. இந்த என்ஃபீல்டை இன்னிக்கு யாராவது காப்பி சரக்குன்னு தள்ளி வெக்கறாங்களா? மியூசியத்துல வெச்சிருக்காங்க. இங்கிலாந்து அரசாங்கம் அடிச்சா சரித்திரம், கான்பூர் செஞ்சா தகரம். என்னங்க நியாயம் இது?

இப்ப ரெண்டாவது கட்சி. பழைய பர்மிங்காம் பீஸுக்கு இன்னிக்குப் பல லட்சம் குடுக்கறாங்க. காரணம் கேட்டா, "அந்தக் காலத்து எஃகு சார், அந்தக் கைவேலை இனி வராது"ம்பாங்க. உண்மைக் காரணம் எஃகு இல்லைங்க, கதவைச் சாத்தினது. 1980களின் நடுவுல சாதாரண ஆளுங்க வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பண்றதை அரசாங்கம் நிறுத்திடுச்சு. அதுக்கு முன்னாடி வந்தது மட்டும்தான் ஒரு லைசென்ஸ்காரர்கிட்ட இருந்து இன்னொரு லைசென்ஸ்காரருக்குக் கை மாறுது. சரக்கு கொஞ்சம், கேக்கறவங்க நிறைய. அப்புறம் விலை ஏறாம என்ன பண்ணும்? வரத்து இல்லாத மாசத்துல முருங்கைக்காய் விலை ஏறுதே, அதுக்காகக் காய்ல சத்து ஏறிடுச்சுன்னு யாராவது சொல்லுவாங்களா?

இதுல இன்னொண்ணு. பழைய பட்டாளத்து வெப்லின்னு இவங்க கனவு காணற .455, .38 ரகங்கள் சாதாரண லைசென்ஸ்ல கிடைக்கவே கிடைக்காது. ராணுவத் தோட்டா போடற துளை பொதுமக்களுக்குத் தடை. அதனாலதான் கான்பூரும் சரி, சண்டிலாவும் சரி, .32-ல வந்து நிக்குது. .32-ங்கறது 1896 காலத்து அமெரிக்கத் தோட்டா, சாதுவான ஜாதி. முதல் உலகப் போர்ல ஜெயிச்ச ரிவால்வர்னு நீங்க சிலாகிக்கற பெருமைக்கும், லைசென்ஸ்ல வாங்கற .32-க்கும் பேரைத் தவிர பெரிய சம்பந்தம் இல்ல.

ஒரு கல்யாண வீட்டுல தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் இப்படிப் பழைய இங்கிலீஷ் ரிவால்வர் ஒண்ணை எடுத்துக் காட்டினாரு. (கல்யாணத்துக்கு எதுக்குங்க அதுன்னு கேட்டா கோவிச்சுக்குவாரு.) குத்தியிருந்த முத்திரையை வெரலால தடவித் தடவிக் காட்டினாரு. காலியாத்தான் இருக்குதுன்னு அவரே திறந்து காட்டி மூடினாரு. மூடினதுக்கு அப்புறமும் குழல் லேசா ஆடுச்சு. கீல் தேஞ்சிருக்குதுங்கன்னு சொன்னேன். "தம்பி, இது பர்மிங்காம்"னாரு. பர்மிங்காம்னா கீல் தேயாதா? நாலாவது செமஸ்டர்ல உராய்வு பத்திப் படிச்சப்ப அப்படி ஒரு விதிவிலக்கைப் பாத்ததா ஞாபகம் இல்ல :-)

இந்த மடக்கு ரகத்துல சுடற விசையை எல்லாம் தாங்கறது ரெண்டு இடம்: கீழ இருக்கற கீல், மேல இருக்கற கொக்கி. தோட்டா அறையும் குழலும் ஒரே நேர்ல நிக்கணும். இல்லேன்னா ஈயம் ஓரத்துல உரசிச் சிதறும், சுடறவன் கைக்கும் மொகத்துக்கும் ஆபத்து. இந்தப் பொருத்தத்துல இருக்குது உசுரு. பர்மிங்காம்ல 1813-ல பார்லிமென்ட் சட்டம் போட்டுத் தனியா ஒரு சோதனைச் சாலையே வெச்சதுக்குக் காரணமே, முத்திரையை நம்பக் கூடாது, வெடிச்சுப் பாத்துத்தான் நம்பணும்ங்கறதுதான். பேரை நம்பாதேன்னு அந்த ஊர்க்காரனே சொல்லிட்டான். நாம அந்த ஊர்ப் பேரையே கட்டிட்டு அழுவறோம்.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். கான்பூர் ரிவால்வர் மேல இருக்கற புகார் எல்லாம் கட்டுக்கதை இல்ல. ட்ரிக்கர் கனம், மேல்பூச்சு சொரசொரப்பு, ஒரு பீஸ் மாதிரி இன்னொரு பீஸ் இருக்காதுன்னு வெச்சிருக்கறவங்க சொல்றாங்க. சரி, அது எதனால? கதவைச் சாத்திட்டு ஒரே கடைக்காரர் வித்தா அப்படித்தான் இருக்கும். அது மண்ணோட குத்தம் இல்ல, கைவேலைக்காரன் குத்தமும் இல்ல, போட்டி இல்லாததோட குத்தம். அந்த வகைல சண்டிலா வந்ததுக்கு நான் சந்தோஷப்படறேன். பேருக்காக இல்ல, பக்கத்துல ரெண்டாவது கடை திறந்ததுக்காக. 2021-ல அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனியாப் பிரிச்சாங்க. கான்பூர் கம்பெனி 2023-ல பிரபல்னு ஒரு .32 கொண்டுவந்துச்சு. அது மடங்காது. சட்டம் ஒரே துண்டு, உருளை மட்டும் பக்கவாட்டுல விலகும். நான் சொன்ன கீல் தலைவலியே அதுல இல்ல. ஆனா எங்க சொந்தக்காரங்க பேச்சுல அது வரவே இல்ல. ஏன்னா அதுல இங்கிலீஷ் பேரு இல்ல.

சென்னைல 1955-ல புல்லட் வண்டி செய்ய ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல இருந்த தாய்க் கம்பெனி 1970 வாக்குல மூடிட்டான். இன்னிக்கு லண்டன்காரன் சென்னை வண்டியை வாங்கி ஓட்டறான். பேரு இரவல்தான், ஆனா வேலையால அதை நம்ம பேரா ஆக்கிக்கிட்டாங்க. சண்டிலாவும் அப்படி ஆகட்டும், வேலையைக் காட்டட்டும். பேருக்கு மட்டும் முன்கூட்டியே ஏன் காசு?

இதுல எனக்கு என்ன இவ்வளவு கடுப்புன்னா, அடுத்தது நம்ம வீடுங்க. 2019 ஜனவரில திருச்சியில ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடம்னு அறிவிச்சாங்களே, அதுல சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோட கோயமுத்தூரும் ஒண்ணு. கணபதிலயும் பீளமேட்டுலயும் லேத்து வெச்சிருக்கற நம்மாளுங்களும் இதை நம்பித்தான் இருக்காங்க. நாளைக்கு அவங்க பட்டறைல செஞ்ச பீஸ் வரும்போது, "கோயமுத்தூர் சரக்கா?"ன்னு எவனாவது உதட்டைப் பிதுக்குவான். அன்னிக்கு நமக்குக் கோவம் வரும். அந்தக் கோவம் கான்பூர்ல ஃபைல் போட்டுத் தேய்ச்சவனுக்கு இன்னிக்கு வரக் கூடாதா?

பழசோ புதுசோ, யாரு வாங்கினாலும் நல்லாத் தெரிஞ்ச ஆளை வெச்சு மூணு விசயம் பாருங்க: பூட்டினா ஆடுதா, ஆறு அறையும் குழலோட நேரா நிக்குதா, சோதனை முத்திரை இருக்குதா. அது மூணும் சரின்னா ஊரு எதுவா இருந்தாலும் சரி. அது மூணும் இல்லேன்னா பர்மிங்காமா இருந்தாலும் பழைய இரும்புதான்.

பின்னூட்டத்துல திட்டறவங்க தாராளமாத் திட்டுங்க. பதில் சொல்றேன். ஆனா "பர்மிங்காம் பர்மிங்காம்தான்"னு மட்டும் எழுதிட்டுப் போறவங்களுக்குப் பதில் கிடையாதுங்க.