நன்னீர் மீன் தொட்டிக்குக் கடல் பாறை வேண்டாம்

வண்ண மீன் வளர்ப்பு இன்று சென்னை கொளத்தூர் வட்டாரத்தோடு நிற்கவில்லை. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் அலகு அமைக்கப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள் மற்றும் பட்டியல் இனத்தவருக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. இதனால் புதிதாக இறங்குவோர் பலர். தொட்டி பார்வைக்கு அழகாக இருந்தால் மீனும் விலைபோகும் என்று நினைத்து, துளைகள் நிறைந்த வெள்ளைக் கடல் பாறையை வாங்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நன்னீர் மீனுக்கு அது வெறும் அலங்காரக் கல் அல்ல.

பவளப்பாறை என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் இதே இனம்தான். மென்னீரில் இது மெல்லக் கரைந்து, நீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் உயர்த்தும். ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர் தண்ணீரில் அதிகம் கரையாது. அடிபடுபவர் யாரென்றால், டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மீன்களுக்காக மழைநீரோ ஆர்.ஓ. நீரோ செலவழித்துச் சேர்ப்பவர்தான். ஒரு பக்கம் காசு கொடுத்துச் சுண்ணாம்பை நீக்கிவிட்டு, மறுபக்கம் கல்லாக உள்ளே போடுகிறார். இந்த மீன்கள் முட்டையிட்டாலும் கடின நீரில் குஞ்சு பொரிப்பது குறையும்.

அம்மோனியா இன்னொரு சிக்கல். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். தீவனமும் மீன் எண்ணிக்கையும் மாறாமலேயே மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கடலிலிருந்து ஈரத்தோடு எடுத்த 'உயிர்ப்பாறை' இன்னும் மோசம். அதில் ஒட்டியுள்ள புழு, கடற்பஞ்சு, நுண்ணுயிர்கள் நன்னீரில் செத்து அழுகி, அதே அம்மோனியாவைக் கூட்டும்.

எல்லா மீனுக்கும் இது கெடுதல் என்று சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்களும், மோலியும் கார நீரை விரும்புபவை. ஆனால் அவற்றுக்கும் பவளம் தேவையில்லை. கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி வலைப்பையில் கட்டி வடிகட்டியில் வைத்தால் போதும்.

பணச் செலவைவிடப் பெரியது சட்டச் சிக்கல். பாறை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்த பவளத்துக்கும் இது பொருந்தும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. 'கரையில் ஒதுங்கியது' என்று விற்பவர் சொல்வது வாங்கியவரைக் காப்பாற்றாது.

இந்தக் கடுமைக்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியதே முக்கியக் காரணம். தூத்துக்குடி அருகே வான் தீவைக் காக்க அரசே செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியது. அங்கே கான்கிரீட்டை இறக்கிக்கொண்டு, இங்கே பவளத்தைத் தொட்டியில் வைப்பது என்ன கணக்கோ!

அலங்காரத்துக்குக் கருங்கல், ஆற்றுக் கூழாங்கல், ஊறவைத்த மரவேர் போதும். சந்தேகமான கல்லின் மீது நான்கைந்து சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தொட்டியில் ஏற்கெனவே அப்படிப்பட்ட கல் இருந்தால் எடுத்துவிட்டு, நீரை ஒரேயடியாக மாற்றாமல் வாரத்துக்கு நான்கில் ஒரு பங்கு மாற்றுங்கள். பி.எச். திடீரென இறங்கினாலும் மீன் தாங்காது.